காத்திருந்தவர்களின் நம்பிக்கை



நம்பிக்கை என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பல பொருளில் வழங்குகிறோம். கடன் கொடுத்தவன் கடன் பெற்றவனிடத்து வைப்பதும் நம்பிக்கை. விதைத்த உழவன் வானத்தை அண்ணாந்து பார்ப்பதும் நம்பிக்கை. பரீட்சை எழுதிய மாணவன் நெஞ்சில் இருப்பதும், சில வேளைகளிற் போதிய காரணமின்றியே, நம்பிக்கைதான். கிறித்தவ மரபில் இச்சொல்லுக்கு வரையறுத்த பொருள் ஒன்று உண்டு. பழைய ஞானோபதேச நூல்கள் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என மூன்று புண்ணியங்களை அடுத்தடுத்து வைத்துக் கூறும். காணாத ஒன்றை உண்மையென ஏற்றல் விசுவாசம். இன்னும் கைக்கு வாராத ஒன்றை வருமென்று எதிர்நோக்கி நிற்றல் நம்பிக்கை. அந்த எதிர்நோக்கு மரணத்தின் எல்லையோடு நின்றுவிடுவதன்று என்பது கிறித்தவரின் துணிபு.

இந்த நம்பிக்கைக்கும் பொறுமைக்கும் உள்ள உறவு பற்றிச் சின்னப்பர் உரோமைச் சபையாருக்கு வரைந்த திருமுகத்தில் வியக்கத்தக்க ஒரு முறைவைப்பு இருக்கிறது. துன்பத்திலிருந்து பொறுமை பிறக்கும். பொறுமையால் மனிதன் புடமிடப்படுவான். அவ்வாறு புடமிடப்பட்டவனிடத்தே நம்பிக்கை தோன்றும் என்னும் கருத்துப்பட அவர் எழுதுகிறார். நாமோ இதனைத் தலைகீழாக எண்ணிப் பழகியவர்கள். நம்பிக்கை உடையவன் அதன் பயனாகப் பொறுமையாய் இருக்கிறான் என்று நினைக்கிறோம். எது முன், எது பின் என்று தருக்க நூல் கொண்டு வழக்காடுவதைவிட, நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சியை எடுத்துப் பார்ப்பது தெளிவு தரும். ஆதலால் இன்று, ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்திற்கும் கண்டிக்கும் உங்களை அழைத்துச் செல்ல விழைகிறேன்.

1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. கொழும்பு அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1656 இல், வீழ்ந்துவிட்டது. புதிதாக வந்த ஒல்லாந்தக் கும்பனியார் கறுவாவையும் யானையையும் தேடி வந்த வணிகர். எனினும் போர்த்துக்கேயரின் சமயம் எங்கே நிலைக்கிறதோ அங்கே போர்த்துக்கேயரின் செல்வாக்கும் நிலைக்கும் என்பது அவர்கள் அச்சம். எனவே கத்தோலிக்கக் குருமார் அனைவரும் நாடு கடத்தப்பட்டனர். குரு ஒருவருக்கு வீட்டில் இடங்கொடுத்து மறைத்து வைப்பார்க்கு மரண தண்டனை என்று அதே ஆண்டிற் கட்டளை பிறந்தது. கோவில்கள் கும்பனியாரின் சீர்திருத்தச் சபைக்கு உரியவாயின.

இவ்விடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லாமல் விடல் ஆகாது. கத்தோலிக்கர்க்கு ஒல்லாந்தர் செய்ததைச் சைவர்க்குப் போர்த்துக்கேயர் முன்னரே செய்திருந்தனர். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் 1621 இல் இடிக்கப்பட்டது. விரத நாளில் உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுப்பார் கண்ணிற் படுமென்று வீட்டுக் கூரை இறப்பிற் செருகி மறைத்த கதையைக் கேட்டு வளராத யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இலர். மறைவில் வழிபடும் கலையை அம்மண்ணிற் கத்தோலிக்கர் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டார் அதனை ஏற்கெனவே பயின்றிருந்தனர்.

ஒல்லாந்தர் ஆட்சியில் ஒவ்வொரு கோவிற்பற்றுக்கும் ஒரு பாடசாலை இருந்தது. அங்கே இருந்த உபாத்தியாயர் எழுத்தும் ஞானோபதேசமும் கற்பித்ததோடு ஊராரின் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பிற் பதிந்து வந்தார். அத்தோம்பிற் பெயர் இல்லாதவனுக்கு முதுசம் பெறுவதிலும் தொல்லை. உத்தியோகம் பெறுவதிலும் தொல்லை. பள்ளிக்கு வாராத பிள்ளைகளின் பெற்றோர் குற்றப்பணம் இறுக்க வேண்டும். என் தொழிலின் முன்னோரை நான் இவ்வாறு ஒற்றரும் பதிவுகாரரும் ஒருங்கே ஆகிய கோலத்திற் சந்திக்க நேர்வது எனக்கு மகிழ்ச்சி தருவதன்று. ஆயினும் வரவு இடாப்பைக் கையிற் பிடித்திருக்கும் எவனும் அறிவான்: இடாப்பில் வந்திருப்பவனின் மனம் எங்கே இருக்கிறது என்பதை இடாப்புக் காட்டாது.

அவ்வாறே நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் பலர் ஒல்லாந்தரின் கோவிலுக்குச் சென்றனர். பிள்ளைகளை அங்கே ஞானஸ்நானத்திற்குக் கொடுத்தனர். வீடு திரும்பிக் கதவடைத்துச் செபமாலை சொல்லினர். இதனை இரட்டை வேடம் என்று இகழ்வாரும் உளர். தலைமேற் கத்தி தொங்காத நாம் அவ்வளவு விரைவாக இகழ்தல் தகுமா என்பது என் ஐயம். கத்தோலிக்க சமயத்திற் குரு இன்றிப் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, மரணப் படுக்கையிற் கிடப்பவனுக்கு அவஸ்தைப் பூசுதல் இல்லை. 1658 தொடக்கம் 1687 வரை, ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம், இவை ஒன்றும் இல்லாமலே அவர்களிற் பலர் பிறந்தனர், மணந்தனர், இறந்தனர். யாரேனும் ஒருவர் வருவார் என்பதற்கு அவர்களிடம் எந்தச் சான்றும் இல்லை. கடிதம் இல்லை, வாக்குறுதி இல்லை. நாளைக்கு ஒரு செபமாலை, ஆண்டுக்கு ஒரு தபசுகாலம் என்று அவர்கள் பொறுத்திருந்தனர். நம்பிக்கை என்று பெயரிடுதற்கும் ஆகாத அளவு எளிய வாழ்க்கை அது.

வருபவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிய வந்தது 1687 இலேதான். அவரே யோசப் வாஸ் முனிவர்.

1651 ஆம் ஆண்டில் கோவாவைச் சார்ந்த பெனாவ்லிம் என்னும் ஊரிற் பிறந்த கொங்கணி மொழியினர் அவர். 1676 இற் குருப்பட்டம் பெற்றுக் கன்னட நாட்டிற் சில ஆண்டுகள் பணிசெய்தார். அக்காலத்தில் ஐரோப்பிய துறவற சபைகள் கோவாவிற் பிறந்த சுதேசக் குருமாரைத் தம்முள் எளிதிற் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே சுதேசக் குருமார் சிலர் தாமே ஒன்றுகூடி 1685 இல் ஒரு சபையாக அமைந்தனர். வாஸ் முனிவர் அதன் தலைவரானார். இலங்கையிற் கத்தோலிக்கர் மேய்ப்பரின்றி இருக்கின்றனர் என்று கேள்வியுற்றுத் தலைமைப் பதவியை விட்டு 1686 இற் புறப்பட்டார். உடன் வந்தவர் யோவான் என்னும் பணியாள் ஒருவரே.

தூத்துக்குடியிலிருந்து தோணியேறியவர்களைப் புயல் அலைக்கழித்தது. மன்னார்க் கரையை அடைந்து பின்னர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். கூலியாளின் உடை, வெறுங்கால், பட்டினியால் மெலிந்த உடல். வாஸ் முனிவரை வயிற்றுக்கடுப்பு நோய் பற்றிற்று. அவர் நோயுற்றுக் கிடந்த காலத்தில் ஒரு பெண் நாள்தோறும் கஞ்சி கொணர்ந்து கொடுத்தாள் என்பது செவிவழிச் செய்தி. அவள் பெயரை வரலாறு காக்கவில்லை. ஐரோப்பியர் ஒருவர் இவ்வேடத்தில் அரை நாளும் தப்பியிருக்க முடியாது என்பதை இங்கே கருதுதல் வேண்டும். துறவற சபைகளின் கதவை அவருக்கு அடைத்த அதே நிறம் யாழ்ப்பாணத்தின் கதவைத் திறந்துவிட்டது.

கத்தோலிக்கர் யாவர், ஒல்லாந்தரின் ஒற்றர் யாவர் என்று அறிவது எவ்வாறு? முனிவர் ஒரு வழி கண்டார். கழுத்திற் செபமாலை ஒன்றைத் தெரியும்படி அணிந்துகொண்டு பிச்சைக்காரராக வாசல் வாசலாகச் சென்றார். அரிசி இடுவார் கை அரிசியை இட்டது. கண் எங்கே செல்கிறது என்பதை இவர் நோக்கினார். செபமாலையைக் கண்டு தயங்கி நின்றவர் சிலர். அவருட் சிலர் மெல்லப் பேச்சுக் கொடுத்தனர். பின்பு ஓர் இரவு, ஒரு வீட்டின் உட்புறத்தில், அவ்வளவு காலமும் இல்லாத பூசை நிகழ்ந்தது. கத்தோலிக்கர் மிக்கிருந்த சில்லாலைக் கிராமம் அவருக்கு உறைவிடமாயிற்று. பகலில் மறைந்திருந்து இரவில் ஊர் ஊராகச் செல்வதே அவர் வழக்கமாயிற்று.

இந்நிகழ்ச்சியை முனிவரின் வீரச் செயலாகவே எழுதுவோர் பலர். அவர் வீரர்தாம், அதில் ஐயம் இல்லை. எனினும் அந்த வாசற்படிகளில் நின்று செபமாலையைக் கண்ட கண்களை நான் மறக்க இயலாதவனாக இருக்கிறேன். ஒரு தலைமுறை கழிந்தும் அக்கண்கள் அதனை அடையாளங் கண்டுகொண்டன. அவ்வாறு கண்டவருட் பலர், குரு என்பவர் ஒருவரைத் தம் வாழ்நாளில் என்றும் கண்டிராதவர். அவர்கள் காத்திராவிடின் வந்தவர்க்கு அங்கே என்ன வேலை இருந்திருக்கும்?

ஒல்லாந்தர் செவிக்குச் செய்தி எட்டாமல் இருக்கவில்லை. 1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில், யாழ்ப்பாணத்திற் பூசைக்காக வீடுகளிற் கூடியிருந்த மக்களைக் கும்பனிப் படைவீரர் சூழ்ந்து பிடித்தனர். அப்போது கும்பனியின் உயர் ஆணையாளராக வந்திருந்தவர் வான் றீடே என்பவர். மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றிப் பன்னிரண்டு பெருந்தொகுதிகள் வெளிவரக் காரணராய் இருந்த கல்விமானும் அவரே! ஒரு பூண்டின் இலையையும் வேரையும் அவ்வளவு பரிவோடு வரைவித்த ஒருவர் அந்த நத்தார் இரவுக்கும் உரியவராயிருந்தார் என்பது எனக்கு எப்போதும் விளங்காத ஒன்று. அகப்பட்டவர் நூற்றுக்கணக்கானோர். பெண்கள் விடுவிக்கப்பட்டனர், ஆடவர் பலர்மேற் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. தலைமையானவர் என்று கருதப்பட்ட எண்மரைத் தனியே பிரித்தனர். அவருள் ஒருவர், பேதுரு என்பவர், முன்னர் ஒல்லாந்தரின் சபையிற் சேர்ந்திருந்து கத்தோலிக்கராக மீண்டவர்; அவர் கசையடி தாங்காமல் இறந்தார். எஞ்சிய எழுவரும் சங்கிலி பூட்டப்பட்டுக் கடின வேலைக்கு விடப்பட்டு, ஒருவர் பின் ஒருவராகச் சிறையிலே மாண்டனர்.

தம் சமயத்தை மறுத்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர்கள் மீண்டு வீட்டிற்குச் சென்றிருக்கலாம். கசையடியில் ஒரு நாளில் இறப்பது ஒரு வகை. கோட்டையிற் கல் சுமந்து மாதக் கணக்கில் இறப்பது வேறொரு வகை. முன்னதற்கு வேண்டுவது ஒரு கணத் துணிவு. பின்னதில் ஒவ்வொரு காலையும் எழுந்து அதே முடிவை மறுபடி எடுத்தல் வேண்டும். பொறுமை என்பதன் பொருள் அதுவானால் அந்த எழுவரைவிட அதனை அறிந்தார் நம் நாட்டில் அரியர். திருவள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அங்கே பேசப்படுவது பெரும்பாலும் பிறர் செய்த பிழையைப் பொறுத்தல். இவர்களது பொறுமையில் அதுவும் உண்டு. அதன்மேல், இன்னும் வாராத ஒன்றுக்காகத் தம்மைத் தாமே பிடித்து நிறுத்திக்கொண்டதும் உண்டு.

அந்த இரவில் வாஸ் முனிவர் அகப்படவில்லை. 1690 இற் கண்டி அரசின் எல்லைக்கு உட்பட்ட புத்தளத்திற்குச் சென்றார். அங்கிருந்து 1692 இற் கண்டிக்குப் புறப்பட்டார். அங்கே அவருக்குக் கிடைத்தது சிறைவாசம். 1672 இற் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவனின் தூதராக வந்து, அரசன் இராசசிங்கனின் சினத்துக்கு ஆளாகிக் கண்டியிலேயே தடுத்து வைக்கப்பட்டிருந்த லானரோல் என்பவர், வருகிறவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று அரசவையில் உரைத்தார். லானரோல் புரட்டஸ்தாந்து சமயத்தவர். அப்போது அரசனாயிருந்த இரண்டாம் விமலதர்மசூரியன் அதனைக் கேட்டு முனிவரைச் சிறைவைத்தான். காலம் செல்லச் செல்லக் காவல் தளர்ந்தது. ஆயினும் ஆண்டுகள் சில அவர் நகரின் எல்லையைக் கடந்து வெளியே போதற்கு உரிமை பெறவில்லை. அவர் ஒரு குடிலைக் கட்டிக் கோவிலாக்கிக்கொண்டு, சிங்களத்திலும் தமிழிலும் சமயத்தைப் போதித்து வந்தார்.

1696 ஆம் ஆண்டுக் கடும் வறட்சியில் அவர் செபிக்க மழை பெய்தது என்றும், அதனால் அரசன் அவருக்கு முழு உரிமை அளித்தான் என்றும் கூறுவர். அது பலரும் அறிந்த செய்தி, படங்களாகவும் வரையப்பட்டிருக்கிறது. அதனை நம்புவார் நம்புக. என் மனம் தங்கி நிற்பது அதற்கு அடுத்த ஆண்டில்.

1697 இற் கண்டியில் வைசூரி பரவியது. அம்மைப்பால் வைத்தல் என்பது இங்கிலாந்தில் 1796 இலேதான் அறியப்பட்டது. உலகத்தினின்று அந்நோய் ஒழிந்துவிட்டதென அறிவிக்கப்பட்டது 1980 இல். ஆதலால் இன்றைய இளைஞர் அதன் கொடுமையைக் கண்டிலர். மேனி எங்கும் கொப்புளம் எழுந்து சீழ்பிடித்து, கண் மறைந்து, உடலின் நாற்றம் தாயையும் அகலச் செய்யும் நோய் அது. மலைநாட்டு வழக்கப்படி நோய் கண்டவர் காட்டிற்குக் கொண்டுபோய் விடப்பட்டனர், அல்லது வீட்டோடு கைவிடப்பட்டனர். இதனைக் கல்நெஞ்சம் என்று சொல்லிவிடல் எளிது. மருந்து இல்லாத நோய்க்கு அஞ்சிய மனிதர் உலகெங்கும் இவ்வாறே செய்தனர். அரசனும் தலைநகரை விட்டு அகன்றான்.

வாஸ் முனிவரும், அப்போது கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவர் மருகர் யோசப் கர்வாலோ அடிகளும் அகலவில்லை. மக்கள் கைவிட்ட வீடுகளை எடுத்து நோயாளர் விடுதிகள் ஆக்கினர். காட்டிற் கிடந்தோரைத் தேடிச் சென்றனர், குடில்கள் அமைத்தனர். கஞ்சி காய்ச்சி ஊட்டினர், புண்ணைக் கழுவினர், துணி தோய்த்தனர், இறந்தவர்க்குக் குழி தோண்டினர். இச்செயலில் பௌத்தர், கிறித்தவர் என்ற வேறுபாடு காட்டப்படவில்லை. இக்குருமாரின் அன்பு இல்லையாயின் கண்டி வீதிகள் பிணக்காடாகியிருக்கும் என்னும் பொருள்பட அரசனே பின்னர்க் கூறினான் என்பர்.

இது அவரோடு தொடங்கிய வழக்கம் அன்று. இதற்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னர், ஆபிரிக்காவின் வடகரையிலுள்ள கார்த்தேசு நகரிலும் பெருங்கொள்ளை நோய் பரவியது. அங்கே ஆயராக இருந்த சிப்பிரியான் என்பவர் மரணத்தைப் பற்றி ஒரு நூலும் பொறுமையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அவர் எழுதியதோடு அமையாமல், தம்மைத் துன்புறுத்தியவர்களையும் நோயிற் பேணுமாறு கிறித்தவ மக்களை ஏவினார் என்று அவர் சரிதம் கூறும். 258 இல் அரசாணையால் அவர் தலை வெட்டுண்டது. வாஸ் முனிவர் அத்தகைய நூல் ஒன்றும் எழுதவில்லை. மரணத்தைப் பற்றிய தம் கருத்தை அவர் எழுதியது கண்டிக் காட்டுக் குடில்களிலேதான் என்று சொல்லலாம்போலும்.

இங்கே இன்னொன்றையும் நினைவிற் கொள்க. ஒல்லாந்தக் கிறித்தவர் துரத்திய ஒரு கிறித்தவக் குருவுக்கு நிழல் கொடுத்தவன் ஒரு பௌத்த அரசன். அவன் மகன் வீர நரேந்திரசிங்கனும் அந்த நிழலை நீக்கவில்லை.

பிறகு வந்த ஆண்டுகளில் முனிவர் நாடெங்கும் நடந்தார். கோவாவிலிருந்து குருமார் பலர் அடுத்தடுத்து வந்தனர். அவருள் 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் பல இயற்றினார். கிறிஸ்துவின் பாடுகளை உருக்கமாகக் கூறும் வியாகுலப் பிரசங்கம் அவர் இயற்றியதே. தபசுகாலத்தில் அதனை இராகத்தோடு வாசிக்கும் வழக்கம் நம் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. எழுத்தறியாத முதியோரும் அதன் பகுதிகளை மனத்திற் கொண்டிருப்பர். மரணத்தை நோக்கும் ஒரு முறையை அவர்களுக்குக் கற்பித்தது அந்நூல் என்று சொன்னால் மிகையாகாது.

வாஸ் முனிவர்க்கு உயர் பதவி அளிக்கும் முயற்சி நடந்தபோது அவர் அதனை ஏற்றாரல்லர். நடையும் நோயும் உடலைத் தேய்த்தன. 1711 ஆம் ஆண்டு சனவரி மாதம் 16 ஆம் நாள், அறுபது வயது நிறையுமுன், கண்டியில் உயிர் நீத்தார். தம் நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

அவர் இறந்தபோது ஒல்லாந்தரின் தடை நீங்கவில்லை. 1715 இல் அது மேலும் கடுமையாயிற்று. 1740களிற் கண்டியிலும் நிழல் போயிற்று, கோவில்கள் அழிக்கப்பட்டன, குருமார் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கர்மீது ஒல்லாந்தர் விதித்த தடைகளை நீக்கும் சட்டம் ஆங்கிலேயர் ஆட்சியில் 1806 இலேதான் பிறந்தது. 1658 இலிருந்து எண்ணினால் நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள். கட்டாயம் நீங்கியவுடன், சம்பளமும் பாடசாலையும் தோம்பும் தாங்கி நின்ற ஒல்லாந்தர் சபையைவிட்டு நாட்டு மக்களிற் பெரும்பாலோர் அகன்றனர். ஒரு நாளும் தோம்பிற் பதியப்படாத அந்த மறைவான செபமாலை நிலைத்தது. நத்தார் இரவிற் பிடிபட்ட எண்மர் இதில் ஒன்றையும் கண்டிலர். கஞ்சி கொணர்ந்தவளும் கண்டிலள்.

1995 இல் யோசப் வாஸ் முனிவர்க்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் நிலையும், 2015 சனவரி 14 ஆம் நாள் புனிதர் என்னும் நிலையும், இரண்டும் கொழும்புக் காலிமுகத்திடலிலே பாப்பரசர்களால் அளிக்கப்பட்டன. அவ்விழாக்களிற் கூடியோர் தொகை கணக்கில் அடங்காது. அவரை அடக்கம் செய்த கண்டிக் கோவில் அழிந்துபோனமையால், அவர் கல்லறை இருந்த இடம் இதுவென்று இன்று ஒருவராலும் காட்ட இயலாது.